சோதனைக்குத் துணைநிற்கும் மேக்ரோ

மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும், அதுவரை செம்மையாக இயங்கிய வேறொரு பகுதி பழுதுபடக்கூடும். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் அனைத்தையும் மனிதரே சரிபார்த்தல் இயலாது. எனவே, நிரலைச் சோதிப்பதற்கென்றே மற்றொரு நிரல் எழுதப்படுகிறது. இதுவே தானியங்கிச் சோதனை ஆகும்.

பேருந்துக் கட்டணத்தைக் கணக்கிடும் நிரலுக்கு நூறு சோதனைகள் தேவைப்படுவதாகக் கொள்க. எதிர்பார்த்த கட்டணத்தையும் கிடைத்த கட்டணத்தையும் ஒப்பிடுதல், வேறுபட்டால் செய்தி அச்சிடுதல், தோல்வியை எண்ணிக்கையில் சேர்த்தல் ஆகிய பணிகள் நூறு இடங்களிலும் திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஒருமுறை எழுதிப் பெயரிட்டுவிட்டால், பிற இடங்களில் அப்பெயரை அழைத்தாலே போதும்.

இப்பணிக்குச் செயற்கூறு போதாதா என்னும் வினா எழலாம். டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் இதற்கு விடை உண்டு. செயற்கூறு தனக்குள்ளிருந்து வரி எண்ணை அச்சிட்டால், எந்தச் சோதனை தோற்றாலும் செயற்கூற்றின் வரி எண்ணே வெளிப்படும். மேக்ரோவோ, நிரல்பெயர்ப்புக்கு முன்பே முன்செயலியால் அழைக்கப்பட்ட இடத்திலேயே விரித்து எழுதப்படுகிறது. ஆதலால் தோற்ற சோதனையின் வரி எண் கிடைக்கிறது. கூரை ஒழுகுகிறது என்பதற்கும், உடைந்த ஓடு இது என்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. சி மொழியின் 'அசெர்ட்' என்னும் மேக்ரோ, பொய்த்த கூற்றையும் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சேர்த்தே அச்சிடுகிறது.

விரித்து எழுதும் இவ்வியல்பே இடரையும் தருகிறது. மேக்ரோவிற்குத் தரப்படும் கோவை ஒப்பிடும்போது ஒருமுறையும், செய்தியை அச்சிடும்போது மறுமுறையும் இடம்பெற்றால் அது இருமுறை இயங்கும். அக்கோவை 'அடுத்த பயணியின் கட்டணம்' என்னும் செயற்கூற்றை அழைப்பதாயின், முதல் அழைப்பில் 15 வந்து சோதனை தோற்கும். அச்சிடும்போது அடுத்த பயணிக்குரிய 12 வரும். 'எதிர்பார்த்தது 12, கிடைத்தது 12, சோதனை தோல்வி' என்னும் செய்தியைக் கண்டு நிரலர் திகைப்பார். பிழையற்ற பகுதியில் பிழையைத் தேடி ஒரு நாள் கழிந்தாலும் வியப்பில்லை.

ஆதலின், மேக்ரோவை மெல்லியதாக வைப்பதே நன்று. கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் அது எடுத்துக்கொண்டு, ஒப்பிடும் பணியைச் செயற்கூற்றிடம் ஒப்படைக்கலாம். செயற்கூற்றிற்குத் தரப்படும் கோவை ஒருமுறையே மதிப்பிடப்படும்.

'அசெர்ட்' மேக்ரோவில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'என்டீபக்' என்னும் பெயர் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தால், அது எதனையும் சரிபார்க்காது. தன்னுள் எழுதப்பட்ட கோவையையும் இயக்காது. கோப்பைத் திறப்பது போன்ற இன்றியமையாத பணியை அதனுள் எழுதியவரின் நிரல், கோப்பைத் திறக்காமலேயே மேற்செல்லும்.

புதிய மேக்ரோவைப் பயன்படுத்துமுன், 2, 3 ஆகிய இரண்டும் சமம் என்னும் பொய்யான கூற்றை அதனிடம் வேண்டுமென்றே தந்து பார்ப்பர். அதனையும் வெற்றி என அது அறிவிக்குமாயின், முன்னர் வெற்றி பெற்ற நூறு சோதனைகளையும் மீண்டும் இயக்க வேண்டியிருக்கும்.