பையைத் துழாவுவதற்கு முன்

மதுரையில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு அம்மா ஓரமாக வந்து நிற்பார். "டீச்சர், பையன் பையில கஞ்சாப் பொட்டலம் கெடந்துச்சு. அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்ருவாரு."

"ஒரு தடவை இழுத்தாலே பைத்தியம் பிடிச்சிரும்னு மட்டும் மிரட்டாதீங்க" என்பேன். இழுத்துவிட்டு வந்து கணக்கில் எண்பது வாங்குகிறவனை உங்கள் மகன் பார்த்திருப்பான். நீங்கள் சொன்னதில் ஒன்று பொய் என்று பட்டால் மற்ற எதையும் காதில் வாங்க மாட்டான்.

உள்ளதைச் சொன்னாலே போதும். கஞ்சா பழகுகிறவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்கினால் 6 பேரில் ஒருவர். மூளை 25 வயதுவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது; நிதானித்து முடிவெடுக்கும் முன்பகுதிதான் கடைசி. கஞ்சாவிலுள்ள டி.ஹெச்.சி. அந்த வயதில் நினைவையும் கவனத்தையும் கெடுக்கிறது. கொழுப்பில் கரைவதால், தினமும் புகைப்பவர் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் சிறுநீரில் தெரியும்.

குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் கஞ்சாவால் பிள்ளைக்கும் அது வரும் ஆபத்து இன்னும் அதிகம். நம் வீடுகளில் சித்தப்பாவின் நோயைக் கல்யாணப் பேச்சு கெடும் என்று மூடி வைப்போம். ஊருக்கு மறைத்தாலும் பிள்ளையிடம் மறைக்காதீர்கள்.

வகுப்பில் ஒரு மாணவன் கேட்பான்: "மூலிகைதானே மிஸ், கனடாவுல கடையிலயே விக்கிறாங்களே?" இப்படிக் கேட்கிறவன் யோசிக்கிறவன், அதட்டி வாயை மூடக் கூடாது. அரளியும் செடிதான் என்பேன். 2018இல் அனுமதித்த கனடாவிலும் 18 வயது நிரம்பாதவருக்கு விற்றால் குற்றம். இங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா புகைப்பதற்கே 6 மாதம் வரை சிறை உண்டு. அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்களிக்க அதே சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. இதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை.

எதிரே உட்கார வைத்து விசாரித்தால் பையன் வாய் திறக்க மாட்டான். டியூஷனுக்கு வண்டியில் கூட்டிப் போகும்போது, முகம் பார்க்காமல் கேளுங்கள்: "உங்க செட்டுல யாராவது இழுக்கிறாங்களாப்பா?" முதலில் அடுத்தவன் கதையாகத்தான் வரும். குறுக்கிடாமல் கேளுங்கள். யார், எந்தத் தெரு என்று அன்றைக்கே துருவ வேண்டாம்.

பழக்கம் முற்றியிருந்தால் அடியும் சத்தியமும் உதவாது. 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை.