வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் இருக்காது

முதன்முதலாகத் தேர்தலில் நிற்கப்போகும் இலங்கை மலையக இளைஞர் எதையும் தெரிந்துகொள்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். பிரதேச சபைத் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரும் சின்னமும் மட்டும்தான் இருக்கும். பிள்ளைக் காம்பராவில் உங்களைத் தூக்கி வளர்த்த ஆயா, வாக்களிப்பு நிலையத்துக்குப் போய் உங்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. சேவல், திசைகாட்டி, தொலைபேசி என்று உங்கள் பட்டியலுக்கு எது சின்னமோ அதற்கு நேராகப் புள்ளடி போட்டால்தான் வாக்கு உங்களைச் சேரும்.

நாடாளுமன்றத் தேர்தலிலும் பெயர் இல்லை, இலக்கம் உண்டு. நுவரெலியா மாவட்டத்துக்கு ஆசனங்கள் 8. அதோடு மூன்றைக் கூட்டி ஒரு பட்டியலில் 11 பேர். சின்னத்துக்குப் புள்ளடி போட்டபின் 1 முதல் 11 வரையுள்ள இலக்கங்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு கொடுக்கலாம். ஹட்டன் பஸ் நிலையச் சுவரில் முகத்தைவிட எண் பெரிதாக அச்சடித்திருப்பது இதனால்தான். எதிர்க்கட்சிக்காரரோடு மட்டுமல்ல, அதே மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரோடும் சேர்த்துப் போட்டி போட வேண்டும்.

வயதைப் பொறுத்தவரை இலங்கைச் சட்டம் தாராளமானது. தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆக வேண்டும், ஊராட்சிக்கு 21. இங்கே பிரதேச சபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் 18 போதும், ஜனாதிபதிப் பதவிக்குத்தான் கூடுதல் வயது வேண்டும். ஆனால் உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்தச் சபையின் எல்லைக்குள் உள்ள வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். கொழும்பில் கடையில் நிற்கும் பொகவந்தலாவைப் பையன் வசதிக்காக அங்கேயே பதிந்துகொண்டிருந்தால், நாடாளுமன்றத்துக்கு நிற்கலாம். சொந்தத் தோட்டம் இருக்கும் சபைக்கு நிற்க முடியாது.

சபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவில் ஒரு படி இருக்க வேண்டும், மாகாண சபை. இந்தியாவில் மாநிலச் சட்டமன்றம் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதற்கு இங்கே ஓரளவு கிட்ட வருவது அதுதான். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு வந்தது. கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்றும் சேர்ந்த மத்திய மாகாண சபையில் 58 உறுப்பினர்கள். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவையும் சிறிய ஆஸ்பத்திரிகளும் மாகாணத்தின் கையில்தான். ஓர் இளைஞர் அரசியல் பழக நல்ல இடம். பிரதேச சபையைவிட அதிகாரம் கூட, நாடாளுமன்றத்தைவிடச் செலவு குறைவு.

அந்தப் படியைத்தான் கழற்றி வைத்திருக்கிறார்கள். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21ஆம் தேதி. 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையில் தேர்தல் வைக்கச் சட்டம் இல்லை, புதிய முறையில் வைக்க எல்லை இல்லை. 2025 முடிந்தும் அதே நிலைதான், மாகாணத்தை ஆளுநர் நடத்துகிறார். 2013 செப்டம்பரில் 17 வயதாக இருந்த பிள்ளைக்கு 2025 செப்டம்பரில் 29 வயது. மாகாண சபைக்கு நிற்பது இருக்கட்டும், அதற்கு ஒரு தடவைகூட வாக்களித்திருக்க மாட்டார்.

ஆகவே இளைஞருக்கு எஞ்சியிருப்பது பிரதேச சபை. முன்பு நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டே பெரிய சபைகள் தோட்டப்பகுதியின் பெரும்பாகத்தைப் பிடித்திருந்தன. 2018 தேர்தலுக்கு முன்னால் அவற்றைப் பிரித்து நுவரெலியா, அக்கரபத்தனை, கொட்டகலை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று ஆறாக்கினார்கள். முதல்முறை வேட்பாளருக்கு மலையகத்தில் கிடைத்த பெரிய உதவி என்று நான் சொல்வது இதைத்தான், எந்த ஒதுக்கீட்டையும் அல்ல. சபை சிறிதானால் வட்டாரம் கைக்கு அடக்கமாகும். நாலைந்து டிவிஷனை நடந்தே சுற்றி வரலாம்.

ஆனால் அந்தச் சபையால் தோட்டத்துக்கு என்ன செய்ய முடிந்தது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாமல் கையைக் கட்டிப்போட்டது அது. லயத்து மக்கள் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பலாம், உறுப்பினர் திரும்பி வந்து லயத்து வாசலில் ஒரு கான் வெட்டித்தர முடியாது. அது தோட்டத்துக் காணி, துரையைக் கேட்க வேண்டும். அந்தப் பிரிவு திருத்தப்பட்டதும் 2018இல்தான். திருத்தியதற்குப் பிறகும் நிதி இருக்கிறதா, கம்பனி இடம் விடுகிறதா என்ற கேள்விகள் இருக்கவே செய்கின்றன. “ரோட்டுப் போட்டுத் தருகிறேன்” என்று வாக்குக் கொடுப்பதற்கு முன்னால், அந்த ரோடு சபையுடையதா, மாகாணத்துடையதா, தோட்டத்துடையதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பகை இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருவது.

இனி ஒதுக்கீடு. உள்ளூராட்சித் தேர்தலுக்கான வேட்புமனுவில் நூற்றுக்கு 25 பேர் 18க்கும் 35க்கும் இடைப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 மே 6ஆம் தேதித் தேர்தல் அப்படி நடந்ததுதான். சொல்லைக் கவனித்துப் படியுங்கள்: வேட்புமனுவில் 25, சபையில் அல்ல. பெண்களுக்கான 25 விழுக்காடு சபை உறுப்பினர் எண்ணிக்கையோடு சேர்ந்தது. இளைஞருக்கானது பட்டியலோடு நின்றுவிடுகிறது. பட்டியலும் இரண்டு. வட்டாரத்தில் நிற்பவர்கள் ஒன்றில், மேலதிக வேட்பாளர்கள் மற்றதில். சபையின் ஆசனங்களில் சுமார் 60 விழுக்காடு வட்டாரத்திலிருந்தும் 40 விழுக்காடு விகிதாசாரத்திலிருந்தும் வருகின்றன. விகிதாசாரத்தில் கட்சிக்குக் கிடைக்கும் ஆசனத்துக்கு யாரைப் போடுவது என்று தீர்மானிப்பவர் கட்சிச் செயலாளர். மேலதிகப் பட்டியலிலிருந்தும் எடுக்கலாம், வட்டாரத்தில் தோற்றவரையும் எடுக்கலாம். எனவே “தம்பி, உங்க பேரைப் போட்டிருக்கோம்” என்று தலைவர் சொன்னால், எந்தப் பட்டியலில் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இந்த 25 விழுக்காடு 2025 மார்ச்சில் பலருக்குத் தலைவலியானது. நாடெங்கும் பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. பல இடங்களில் காரணம், இளம் வேட்பாளர் வயதைக் காட்டக் கொடுத்த பிறப்புச் சான்றிதழின் பிரதி முறைப்படி உறுதிப்படுத்தப்படவில்லை என்பது. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போய், சில மனுக்கள் திரும்ப ஏற்கப்பட்டன. தோட்டப்புறத்தில் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்தும் இருப்பது புதிதல்ல. முதல் கூட்டம் போடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தைச் சரிபார்த்து வைத்திருக்கிறவர், பாதி வேலையை முடித்தவர்.

பணக் கணக்கு சின்னதுதான், ஆனால் யாருக்குச் சின்னது என்று பார்க்க வேண்டும். 2025 உள்ளூராட்சித் தேர்தலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபாய் கட்டுப்பணம் செலுத்தியது. சுயேச்சைக் குழுவுக்கு ஆளுக்கு 5,000. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஆக, அந்த 5,000 ஏறக்குறைய நான்கு நாள் முழுக் கூலி. அதுவும் தனி ஆளாக நிற்க முடியாது. எல்லா வட்டாரத்துக்கும் மேலதிகப் பட்டியலுக்கும் ஆள் சேர்த்துக் குழுவாகத்தான் நிற்க வேண்டும். பட்டியலில் 20 பேர் என்றால் ஒரு லட்சம் ரூபாய், அச்சடித்த துண்டுப்பிரசுரம் ஒன்றுகூட இல்லாமல்.

இதனால்தான் இளைஞர்கள் கடைசியில் கட்சி வாசலுக்கே வருகிறார்கள். மலையகத்தில் கட்சி வாசல் என்றால் பெரும்பாலும் தொழிற்சங்க வாசல். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், தொழிலாளர் தேசிய சங்கம், மலையக மக்கள் முன்னணி எல்லாவற்றுக்கும் தோட்டத்தில் வேர் பிடித்தது சங்கத்தின் வழியாகத்தான். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து சந்தா கழிகிறது, தோட்டக் கமிட்டி இருக்கிறது, தலைவர் இருக்கிறார், தேர்தல் வந்தால் அதே தலைவர் வீடு வீடாகப் போகிறார். ஆனால் இன்று நிற்க ஆசைப்படும் பிள்ளை அநேகமாகக் கொழுந்து மலையில் வேலை செய்வதில்லை. ஆசிரியை, கடைச் சிப்பந்தி, ஆட்டோ ஓட்டுபவர், கொழும்பில் ஹோட்டல் வேலை. வாக்காளர் இடாப்பில் இருப்பார், சங்கத்துச் சந்தாப் பட்டியலில் இருக்க மாட்டார். அவருடைய அம்மா இருப்பார். வேட்பாளர் தேர்வில் அம்மாவின் சந்தாவுக்கு இருக்கும் எடை மகளின் பட்டத்துக்கு இல்லை என்று பல இளைஞர்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறையை ஒதுக்கிவிட முடியாது.

படி ஏறாமல் நேரே மேலே போனவர் உண்டு. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் 2020 மே 26ஆம் தேதி காலமானார். தேர்தல் பட்டியலில் அவர் இடத்துக்கு மகன் ஜீவன் வந்தார். ஆகஸ்டில் மொட்டுச் சின்னத்தில் 109,155 விருப்பு வாக்குகள், அப்போது வயது 25. 2023 ஜனவரியில் 28 வயதில் அமைச்சரவையில். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் 2020இல் அவரைப்போல 25 வயதாக இருந்த இன்னொரு வழக்கறிஞருக்கு, கொள்ளுத்தாத்தா சௌமியமூர்த்தி தொண்டமானாக இல்லாவிட்டால், அந்த வாக்குகளில் பத்தில் ஒரு பங்கைச் சேர்க்கவே பல வருடம் ஆகியிருக்கும்.

அந்தக் கொள்ளுத்தாத்தாவே ஒரு காலத்தில் முதல்முறை வேட்பாளர்தான். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, இருவருமே முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம், 1949இல் வாக்குரிமையும் போனது. 1952இல் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரின் பெயர் இடாப்பிலேயே இல்லை. மலையக வாக்கில் ஒருவர் மறுபடி தேர்வானது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியில் மூன்றாமவராக அதே தொண்டமான். இடையில் முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தில் இளைஞராக இருந்த ஒரு தலைமுறைக்குத் தேர்தலில் தோற்கும் வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் பெயர் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்டால், இந்த இடைவெளியைத்தான் காட்ட வேண்டும்.

2024 நவம்பர் 14ஆம் தேதி அந்தக் கனம் கொஞ்சம் அசைந்தது. நுவரெலியாவின் 8 ஆசனங்களில் 5 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அதில் ஒருவர் கிருஷ்ணன் கலைச்செல்வி. பதுளையில் அம்பிகா சாமுவேல். மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானது அதுவே முதல்முறை. சங்கத் தலைவரின் மகளாகவோ மனைவியாகவோ இல்லாமலும் உள்ளே போகலாம் என்று அந்த வாரம் தோட்டங்களில் பேசிக்கொண்டார்கள். தேசிய அலையில் போனவர்கள் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, தேர்தல் முடிவு வந்து 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தன் வரவு செலவுக் கணக்கைத் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுக்க வேண்டும். வென்றவர், தோற்றவர் என்ற பேதமில்லை, மேலதிகப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தவரும் கொடுக்க வேண்டும். துண்டுப்பிரசுரம் அடித்த அச்சகத்து ரசீது, ஆட்டோவுக்குக் கொடுத்த காசு, கூட்டத்துக்கு வாங்கிய பிளேன்டீ எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.