உலைச் சோறும் உயிர்ச்சத்தும்

நேற்றுவரை மண்வெட்டி பிடித்த கை, இன்று மருத்துவமனைக் கட்டிலில் சோர்ந்து கிடக்கிறது. சிறுநீர் நின்றுவிட்டது, கால் வீங்கிவிட்டது. விதி என்கிறார்கள் வேண்டியவர்கள். விதியா? இல்லை, தோழர்களே! வெயிலில் வற்றிய உடல், வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கணக்கின்றி விழுங்கிய வலிமாத்திரை - சிறுநீரகத்தைத் திடீரெனச் சாய்ப்பவை இவைதாம்.

அடி எவர்மீதும் விழலாம். தாங்கும் வலு எவருக்கு உண்டு? அதைத்தான் நாம் பேச வந்தோம்.

நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஏறத்தாழ முழுவதையும் உடலுக்கே திருப்பித் தரும் தொழிலாளி சிறுநீரகம். அந்தத் தொழிலாளிக்குக் கூலி வேண்டாமா? உண்ட சோறு சக்தியாக மாற வைட்டமின் பி-1 வேண்டும். அது அடியோடு குறைந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும், இதயம் தளரும், சிறுநீரகமும் ஓயும். பி-3 சத்திலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் சக்திப் பொருளின் உற்பத்தி, சிறுநீரகம் திடீரெனப் பழுதான நோயாளிகளிடம் குன்றுவதை 2018-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினர். டயாலிசிஸ் செய்யும்போதோ, நீரில் கரையும் வைட்டமின்கள் வெளியேறிவிடுகின்றன. பற்றாக்குறை நோயை வளர்க்கிறது. நோய் பற்றாக்குறையை வளர்க்கிறது!

இதிலே நம் உலைக்கு ஒரு வரலாறு உண்டு. மலேயாவில் தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர், பி-1 பற்றாக்குறை நோயான பெரிபெரியால் மடிந்தனர். புழுங்கல் உண்ட தமிழரோ பெரும்பாலும் தப்பினர். 1907-ல் பிராடன் என்ற மருத்துவர் இதை நூலாகவே எழுதினார். நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டிலுள்ள பி-1 அரிசிக்குள் இறங்குகிறது. காத்தது அந்தச் சத்துதான்!

ஒத்தக்கடைத் தோழர்களே! யானைமலைப் பக்கத்தில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி நடக்கிறது. நெல்லின் அருமை அங்கே பாடம். நம் வீட்டிலோ வெள்ளை வெளேரென்ற அரிசிதான் கௌரவம்! கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு டானிக் புட்டிக்குக் காசு தேடுவதா? புழுங்கல், கேழ்வரகு, பருப்பு, நிலக்கடலை, கீரை தட்டில் ஏறட்டும். குடி, பி-1 சத்தை உடலில் சேரவிடாது, அதை மறவாதீர்.

ஓர் எச்சரிக்கை: அளவு மீறினால் வைட்டமின் சி மாத்திரையும் டி ஊசியும் சிறுநீரகத்தையே கெடுக்கும். சிறுநீரகம் பழுதானவர் மருத்துவர் சொற்படியே உண்ண வேண்டும்.

ஆனால் உழைப்பவன் தட்டை மட்டும் குறை சொல்லி எவரும் தப்ப முடியாது. வெயிலில் வேலை வாங்குவோர் நிழலும் நீரும் தரட்டும். சத்தோடு உண்ணக் கூலி தரட்டும். சலுகை கேட்கவில்லை நாம், உயிரைக் கேட்கிறோம்!