காத்திருப்பின் விலை



ரொறன்ரோ நகரில் வாழும் என் மருமகன் ஒருவர் அண்மையில் எழுதிய கடிதத்தின் கடைசிப் பக்கத்திலே ஒரு கேள்வி இருந்தது. "மாமா, புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவுக்குப் போகவேண்டுமென்று பிள்ளைகள் இருவரும் இரண்டு வருடங்களாக நச்சரிக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் நெஞ்சை அடைக்கிறது. போய் வந்தவர்களோ, வரிசையில் நின்றதுதான் மிச்சம் என்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருந்தார்.

அப்பூங்காவின் வாயிலை மிதித்தறியாத என்னிடம் இக்கேள்வி வந்தது வேடிக்கைதான். ஆயினும், செலவழிப்பவனுக்குக் கண் மயங்கும். தூரத்தில் நிற்பவனுக்குக் கணக்குத் தெரியும். ஆகவே அவருக்கு எழுதிய விடையைச் சற்று விரித்து உங்களுக்கும் சொல்லலாமென எண்ணுகிறேன்.

இப்பூங்காக்கள் தோன்றிய வரலாற்றை முதலில் நோக்குவோம். வோல்ட் டிஸ்னி என்னும் படத் தயாரிப்பாளருக்குப் பெண்கள் இருவர். வார விடுமுறை நாட்களில் அவர்களை லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வார். பிள்ளைகள் குதிரை இராட்டினத்தில் ஏறிச் சுற்றுவார்கள். தந்தையார் ஒரு வாங்கில் அமர்ந்து நிலக்கடலை கொறித்துக்கொண்டு பார்த்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்கத்தக்க இடமொன்று இருந்தால் என்ன என்ற எண்ணம் அங்கே பிறந்ததாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். கொப்பன்ஹேகன் நகரில் 1843ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் டிவோலிப் பூங்காவின் தூய்மையும் ஒழுங்கும் அவர் மனத்தைக் கவர்ந்தன. அனஹைம் என்னும் ஊரிலே, தோடை மரங்கள் நின்ற 160 ஏக்கர் நிலத்தை வாங்கி, ஏறக்குறைய ஓராண்டு காலத்துக்குள் 1 கோடி 70 இலட்சம் டொலர் செலவில் டிஸ்னிலாந்தை அமைத்து முடித்தார். 1955ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி அது திறக்கப்பட்டது.

நெரிசல் இன்று நேற்று வந்ததென்று எண்ணிவிடாதீர்கள். திறப்பு விழாவன்றே போலி அழைப்புச் சீட்டுகளோடு ஆயிரக்கணக்கானோர் நுழைந்துவிட்டனர். வந்தவர் தொகை ஏறக்குறைய 28,000 என்பர். அன்று வெயில் கடுமை. புதிதாக இட்ட தார் இளகி, பெண்களின் குதியுயர்ந்த பாதணிகள் அதிற் புதைந்தன. குழாய் வேலையாளர் பகிஷ்கரிப்பினால், குடிநீர்க் குழாய்களா, மலசலகூடங்களா, எதனை முதலில் முடிப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. டிஸ்னி மலசலகூடங்களைத் தெரிந்தெடுத்தார். (இத்தீர்மானத்தைக் குறை கூற என் மனம் இடந்தரவில்லை.) இவ்வளவு அலங்கோலத்துக்குப் பின்னும் ஏழு எட்டுக் கிழமைகளுக்குள் பத்து இலட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள்.

இனி விலைக்கு வருவோம். அந்நாளில் வாயிற் கட்டணம் வளர்ந்தோர்க்கு 1 டொலர். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே பணம் கொடுக்க வேண்டும். அவ்வாண்டு ஒக்டோபரில் ரிக்கற் புத்தகம் என ஒன்று வந்தது. வாயிற் கட்டணமும் எட்டு விளையாட்டுகளும் சேர்த்து வளர்ந்தவர்க்கு இரண்டரை டொலர். 1956இல் அமெரிக்க நாடு முழுமைக்குமுரிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டொலர். எனவே, கடைநிலைத் தொழிலாளியொருவன் இரண்டரை மணி நேரம் உழைத்தால் தனக்கொரு புத்தகம் வாங்கிவிடலாம். 2024இன் இறுதியில் டிஸ்னிலாந்தில் ஒரு நாட் சீட்டு, நெரிசல் குறைந்த நாளில் 104 டொலராகவும் மிகுந்த நாளில் 206 டொலராகவும் இருந்தது. அவ்வாண்டில் கலிபோர்ணியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டொலர். ஆகவே மலிவான நாளுக்கு ஆறரை மணி நேர உழைப்பு. உச்ச நாளுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. முன்னைய புத்தகத்தில் எட்டு விளையாட்டுகளே அடங்கின, இன்றைய சீட்டிலோ எத்தனையும் ஏறலாம் என்று நீங்கள் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் எத்தனையும் ஏறலாம் என்பது வேறு. எத்தனை ஏற முடிகிறது என்பது வேறு.

இங்கேதான் பழைய ரிக்கற் புத்தகத்தின் சூட்சுமத்தை அறிந்துகொள்ள வேண்டும். அப்புத்தகத்தின் துண்டுகள் ஏ, பீ, சீ என வகுக்கப்பட்டிருந்தன. 1956இல் டீயும் 1959இல் ஈயும் சேர்ந்தன. மிகச் சிறந்த விளையாட்டுகளுக்கு ஈ துண்டு வேண்டும்; அது புத்தகத்திற் சிலவே இருக்கும். அவை தீர்ந்தபின் கையில் எஞ்சிய ஏ, பீ துண்டுகளை வீணாக்க மனமின்றி மக்கள் சிறிய விளையாட்டுகளை நாடுவார்கள். இவ்வாறு கூட்டம் தானே பூங்கா முழுவதும் பரவியது. 1982இல் புத்தகம் ஒழிந்து ஒரே சீட்டு முறை வந்தது. எதில் ஏறினாலும் மேலதிகச் செலவில்லை என்றான பின், எல்லாரும் பெரிய விளையாட்டுகளின் வாயிலிலே போய் நின்றதில் வியப்பென்ன?

அடுத்து வரிசையின் கணக்கு. இது எளியது; ஆனால் பலர் சிந்திப்பதில்லை. மணிக்கு 1,200 பேரை ஏற்றக்கூடிய ஒரு விளையாட்டை உதாரணமாகக் கொள்வோம். அதன்முன் 600 பேர் நின்றால் கடைசியாள் அரை மணி நேரம் காத்திருப்பான். இப்போது பக்கத்தில் முன்னுரிமைப் பாதை ஒன்றைத் திறந்து, மணிக்கு 800 பேரை அதன் வழியே உள்ளே விடுகிறோமென வைத்துக்கொள்ளுங்கள். பொது வரிசைக்கு எஞ்சுவது மணிக்கு 400 இடங்களே. அதே 600 பேர் நிற்கும் அதே வரிசையில் கடைசியாள் இப்பொழுது ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். விளையாட்டு விரைவடையவில்லை, ஓர் ஆசனங்கூடக் கூடவில்லை. ஒருவருடைய நேரத்தை எடுத்து மற்றொருவருக்குக் கொடுத்ததே நடந்தது.

1999இல் இம்முன்னுரிமை முறை தொடங்கியபோது அது இலவசமாக இருந்தது. யாவரும் நேரம் குறித்த சீட்டொன்றைப் பெற்றுக்கொண்டு உரிய வேளையில் திரும்பி வரலாம். 2020இல் பெருந்தொற்றினாற் பூங்காக்கள் மூடப்பட்டதோடு அம்முறையும் நின்றது. 2021இல் அது வேறு பெயரில் மீண்டபோது விலைபொருளாகிவிட்டது: புளோரிடாவில் ஆளொருவர்க்கு நாளொன்றுக்கு 15 டொலர், கலிபோர்ணியாவில் 20. 2024இன் இறுதியில், நேரங் குறிக்கவும் வேண்டாமல் நேரே முன்பாதையிற் செல்லத்தக்க உயர்தரச் சீட்டொன்றும் புளோரிடாவில் வந்தது. அதன் விலை அப்போது பூங்காவுக்கும் நாளுக்கும் ஏற்ப 129 டொலர் முதல் 449 டொலர் வரை இருந்தது. உச்ச விலை நாளில் நால்வர் கொண்ட குடும்பம் இதற்கு மட்டும் 1,796 டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. நுழைவுச்சீட்டு இதில் அடங்காது.

நான் வருந்துவது விலையை நினைந்து மட்டுமன்று. வாங்கில் அமர்ந்திருந்த அந்தத் தந்தை கண்ட கனவில் வேறுபாடின்றி எல்லாக் குடும்பங்களும் ஒரே இடத்தில் களித்தன. உள்ளே வந்தபின் மருத்துவர் பிள்ளையும் மரவேலைக்காரர் பிள்ளையும் ஒரே வரிசையிலே நின்றார்கள். இன்றோ, பணங்கொடுத்த பிள்ளை தன்னைக் கடந்து போவதை, பணங்கொடாத பிள்ளை ஒன்றரை மணி நேரம் நின்று பார்க்கிறது. "அப்பா, அவர்கள் ஏன் முன்னால் போகிறார்கள்?" என்று அது கேட்டால், தகப்பன் சொல்லும் விடை எவ்வளவு கசப்பானது!

நிறுவனத்தார் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. புளோரிடாவிலுள்ள மஜிக் கிங்டம் பூங்காவுக்கு மட்டும் 2023இல் ஏறக்குறைய 1 கோடி 77 இலட்சம் வருகைகள். நாட் சராசரி 48,000. இத்தனை பேருக்கு இடம் போதாதபோது, விலையேற்றியே கூட்டத்தை மட்டுப்படுத்தலாமென்பர். 2016 முதல் நாளுக்கு ஏற்ப விலை மாறும் முறை வந்ததும் இதன்பொருட்டே. ஆயின் கூட்டம் இலேசில் மட்டுப்படுவதில்லை. கடன்பட்டாவது போகிறார்கள். லெண்டிங்ட்ரீ என்னும் கடன் தரகு நிறுவனம் 2024இல் நடத்திய ஆய்வில், டிஸ்னி பூங்காக்களுக்குச் சென்றவருள் ஏறத்தாழ நாலிலொருவர் அதற்காகக் கடன்பட்டதாகச் சொன்னார்கள். சிறுபிள்ளைகளையுடைய பெற்றோரில் இது 45 வீதம். கடன்பட்டவருட் பெரும்பாலோர் தாம் அதற்காக வருந்தவில்லை என்றார்கள். இதைக் கேட்டு நகைப்பது எளிது. நான் நகைக்க மாட்டேன். பிள்ளைப் பருவம் ஒருமுறை போனால் வராது என்ற அச்சமே அவர்களைத் தள்ளுகிறது. அவர்கள் வாங்குவது விளையாட்டையன்று, நினைவை.

நினைவைப் பற்றியும் சில செய்திகள் உண்டு. எலிசபெத் லொப்டஸ் என்னும் உளவியல் அறிஞரும் அவர் தோழரும் 2002இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். டிஸ்னி பூங்காவிற் பக்ஸ் பனி என்னும் முயலோடு கைகுலுக்கி மகிழலாமெனக் காட்டும் ஒரு பொய் விளம்பரத்தைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். அம்முயல் போட்டி நிறுவனமான வார்னர் சகோதரருக்குரியது. டிஸ்னி பூங்காவுள் அது தலைகாட்டவே முடியாது. இருந்தும், விளம்பரத்தைப் படித்தவருள் ஏறத்தாழ ஆறிலொருவர், சிறுவயதில் அம்முயலோடு தாம் கைகுலுக்கியது நினைவிருக்கிறதென்றார்கள்! விளம்பரம் எதிர்காலத்தை மட்டுமன்றி இறந்தகாலத்தையும் எழுதவல்லது போலும். 2010இல் ஒல்லாந்து நாட்டாரிடம் நடந்த வேறோர் ஆய்வு, விடுமுறைப் பயணத்தின் மகிழ்ச்சி பெரும்பாலும் புறப்படுமுன்னரே அனுபவிக்கப்படுகிறது என்று காட்டியது. திரும்பி வந்தபின் பயணம் போனவர்க்கும் போகாதவர்க்கும் மகிழ்ச்சியில் வேறுபாடில்லை. ஒரு சாரார் மட்டும் விலக்கு: மிக ஆறுதலான பயணம் செய்தோர்.

ஆறுதல் என்ற அச்சொல்லை என் மருமகனுக்கு அடிக்கோடிட்டு எழுதினேன். இருநூறு டொலர் கொடுத்தவனால் ஆறுதலாக இருக்க முடிவதில்லை என்பதே இன்றைய பூங்காவின் பெருங்கேடு. கொடுத்த காசுக்குப் பயன் காணவேண்டுமென்ற பதற்றத்தில், விடியுமுன் எழுந்து, கைத்தொலைபேசியில் நேரங்களைக் குறித்து, களைத்த பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். விலையே விடுமுறையைத் தின்றுவிடுகிறது.

அப்படியானால் போகவே கூடாதா? நான் அப்படி எழுதவில்லை. பிள்ளைகள் தாமாக நடந்து திரியும் வயதை அடையட்டும். ஊர்ப் பாடசாலைகள் நடக்கும் காலத்தில், மலிவான நாளொன்றில், கடனின்றிப் போங்கள். நான்கு விளையாட்டுகளோடு போதுமென்று முன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் பிள்ளைகளை உறங்க விடுங்கள் என்றேன். இவற்றுள் ஒன்றேனும் இயலாதென்றால் அவ்வாண்டு போகவேண்டாம் என்றேன்.

வேறிடமும் ஒன்று சொன்னேன். பென்சில்வேனியாவில் எலிஸ்பேர்க் என்னும் சிற்றூருக்கு அணித்தாக, மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கிலே, நொபெல்ஸ் என்ற பூங்கா 1926 முதல் நடந்துவருகிறது. வாயிற் கட்டணம் இல்லை. கார் நிறுத்தவும் பணமில்லை. ஏறும் விளையாட்டுக்கு மட்டும் பணம். பேரப்பிள்ளைகளோடு வந்த பாட்டி ஒருசதமும் கொடாமல் மரநிழலில் அமர்ந்து பார்த்திருக்கலாம். 1947இல் டெக்சாசில் கட்டிய மரத்தாலான ஓட்டத் தொடரொன்றைக் கழற்றிக் கொண்டுவந்து 1985இல் அங்கே மீண்டும் பூட்டினார்கள். மேடேறிப் பள்ளம் பாயும் அவ்வண்டியில் ஏறுவதற்கென்றே தொலைவிலிருந்து வருவோர் உண்டு. 1913ஆம் ஆண்டுக் குதிரை இராட்டினம் ஒன்றும் இருக்கிறது. சுற்றிவரும்போது கைநீட்டி வளையங்களைப் பறிக்கலாம். பித்தளை வளையம் அகப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு சுற்று இலவசம். ரொறன்ரோவிலிருந்து காரிலேயே போய்விடலாம்.

மருமகன் இன்னும் பதில் எழுதவில்லை. பிள்ளைகளின் கட்சி எதுவென்று எனக்குத் தெரியும். கிரிபித் பூங்காவிலே டிஸ்னி அமர்ந்திருந்த வாங்குகளுள் ஒன்றென்று சொல்லப்படும் ஒன்றைப் பின்னாளில் டிஸ்னிலாந்துக்குக் கொண்டுவந்து, வாயிலுக்கு அணித்தாயுள்ள மண்டபத்திலே காட்சிக்கு வைத்தார்கள். அதைப் பார்க்க வரிசை கிடையாது. நுழைவுச்சீட்டு மட்டும் வேண்டும்.