புல்வெளிக் காளான்களை இனங்காணல்

இலங்கையின் ஈரவலயத்துப் பெரும்பகுதி மழைவளம் மிக்கது. அவ்வலயத்தைச் சார்ந்த சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் செழித்த தோட்டங்கள் பல உள. மழை ஓய்ந்து வெயில் எறித்த காலைகளில், அத்தோட்டங்களின் லயன்களை அடுத்த புற்றரைகளிலும், விளையாட்டிடங்களிலும், மாடு மேயும் வெளிகளிலும் காளான்கள் ஓரிரவில் முளைத்து நிற்கும். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவை விலையின்றிக் கிடைக்கும் கறியாகும். எனினும், அவற்றுள் உண்ணத்தக்கனவும் நஞ்சுடையனவும் அருகருகே வளர்தலின், அவற்றைப் பிரித்தறியும் அறிவு உயிரோடு தொடர்புடையதாகின்றது.

காளான் தமிழர்க்குப் புதியதன்று. ஆம்பி என்பது அதன் பழம்பெயர். சிறுபாணாற்றுப்படை பாணனது வறுமையை உரைக்குமிடத்து, கறையான் அரித்த பழஞ்சுவரிற் காளான் பூத்த அடுக்களையைக் காட்டுகின்றது. சிங்களத்தில் இதனைப் ‘பிம்மல்’, அதாவது நிலப்பூ, என வழங்குவர். உண்மையிலும் நாம் காணும் குடை ஒரு பூவை ஒத்ததே. பங்கசின் உடல் மண்ணினுள் நுண்ணிய நூல்வலையாய்ப் பரந்து கிடக்க, வித்திகளைப் பரப்பும் உறுப்பு மாத்திரமே வெளியே தோன்றுகின்றது. அந்நூல்வலை நடுவிலிருந்து எப்புறமும் ஒரே சீராய் வளர்தலினாலேயே சில காளான்கள் புற்றரையில் வட்டமாய் நிற்கின்றன.

உண்ணத்தக்கவற்றுள் தலையாயது புற்றுக்காளான். இது கறையானோடு கூடி வாழ்வது. கறையான்கள் தாம் கொணர்ந்த இலை, மரத் துகள்களைக் கொண்டு புற்றினுள் தேனடை போன்ற அமைப்பினை ஆக்கி, அதன்மேல் இப்பங்கசினை வளர்த்து உண்கின்றன. தரங்கம்பாடியில் மருத்துவராய் இருந்த கோனிக் என்பார் தென்னிந்தியக் கறையான்களைப் பற்றி 1779-இல் எழுதினார். இலங்கையிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு பேர்க்லி என்னும் ஆங்கிலேயர் 1847-இல் இதன் ஓரினத்தை விவரித்தார். பேராதனையில் 1905 முதல் பணியாற்றிய பெச் 1906-இல் கறையான் புற்றுப் பங்கசுகளை விரிவாக ஆராய்ந்தார். 1942-இல் ஹைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வினங்களுக்கு ‘தெர்மிற்றோமைசீசு’ எனப் பெயரிட்டார்.

இதன் அடையாளங்கள் தெளிவானவை. குடையின் உச்சி கூம்பி நிற்கும். தண்டு நிலத்தின்கீழ் வேர்போல் நீண்டு, கறையான் அடைவரை செல்லும். அடியில் உறை இராது. வித்திகள் இளஞ்சிவப்பு நிறத்தன. மேலே மேடில்லாத புற்றரையின் கீழும் புற்று இருக்கக்கூடுமாதலின், தண்டை ஒடித்தெடுப்பவர் இவ்வடையாளத்தை இழப்பர். வேரோடு தோண்டி எடுத்தலே முறை.

இதற்கு எதிர்நிலையில் வைத்து எண்ணத்தக்கது ‘குளோரோபில்லம் மொலிப்தைற்றீசு’ என்னும் பச்சைவித்திக் காளான். வெப்பமண்டலப் புற்றரைகளிற் பரவலாக வளரும் இதன் குடை 10 முதல் 30 சென்ரிமீற்றர் வரை அகலும். வெண்ணிறக் குடையின்மேற் கபிலநிறச் செதில்கள் உச்சியிற் செறிந்திருக்கும். தண்டில் மேலுங்கீழும் நகரும் வளையம் உண்டு. காண்பதற்கு அழகும் பருமையும் உடையதாகையால் பலரும் இதனால் ஏமாறுகின்றனர். குடையின் அடித்தகடுகள் முதலில் வெண்மையாய் இருந்து, முதிர்ந்தபின்னரே சாம்பல் கலந்த பச்சையாகின்றன. ஆதலின், விரியாத மொட்டினைப் பார்த்து இதனை அறிதல் அரிது. உண்டோர்க்கு ஒன்றிரண்டு மணி நேரத்திற் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தோன்றும். சிறுவர்களுக்கு நீரிழப்பே பெருந்தீங்காகும்.

வித்திகளின் நிறத்தை அறிய எளிய வழி ஒன்றுண்டு. விரிந்த குடையைத் தண்டினின்றும் நறுக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் தகடுகள் கீழ்நோக்க வைத்து, கண்ணாடிக் குவளையால் ஓரிரவு மூடிவைக்க வேண்டும். மறுநாள் தாளிற் படிந்த தூளே வித்தி. புற்றுக்காளானுக்கும் வைக்கோற் காளானுக்கும் இளஞ்சிவப்பு. கடையில் விற்கும் மொட்டுக்காளானின் இனத்துக்குக் கருங்கபிலம். மேற்சொன்ன நச்சுக்காளானுக்குப் பச்சை. கொடிய நஞ்சுடையன பல அடங்கிய அமனிற்றா இனத்துக்கு வெள்ளை. வைக்கோற் காளானுக்கும் அமனிற்றாக்கள் பலவற்றுக்கும் அடியில் கிண்ணம் போன்ற உறை உண்டாகையால், அவ்விரண்டையும் வேறுபடுத்த வித்திநிறம் பெரிதும் துணைபுரியும். எனினும், நிறம் ஒன்றே முடிவாகாது; குடை, தகடு, வளையம், அடியுறை, வாழிடம் யாவும் ஒருங்கே பொருந்துதல் வேண்டும்.

அடுக்களைச் சோதனைகள் என வழங்குவன நம்பத்தக்கன அல்ல. வெள்ளிக் கரண்டியைக் கறுக்கச் செய்வன கந்தகச் சேர்வைகள். முட்டையும் அவ்வாறு செய்யும். பூச்சியும் நத்தையும் தின்றமை மனிதர்க்குத் தீங்கின்மையைக் காட்டாது. பூண்டோ மஞ்சளோ நஞ்சினை முறிப்பதில்லை. அமனிற்றாக்களின் கொடிய நஞ்சு கொதிக்கும் நீரிலும் அழியாது. அதன் குறிகள் 6 மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் மறுநாளே தோன்றும். பின்னர் வாந்தி தணிந்து நோயாளி தேறியவர்போற் காணப்படுகையில், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்பிரலில் இந்தியாவின் மேல் அசாமில் காட்டுக் காளானை உண்டு 13 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்டோருட் பெரும்பாலார் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்தோர் என்பது மலையக மக்கள் கருதத்தக்கது.

ஆகவே, ஐயம் எழுந்த காளானை விலக்குதலே அறிவுடைமை. உண்டபின் நோய் தோன்றின், குறி தணியுமெனக் காத்திராது, எஞ்சிய காளானைத் தாளிற் பொதிந்து நோயாளியுடன் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். உண்ட நேரத்தையும் வைத்தியருக்கு உரைத்தல் வேண்டும்.

பெச், பிஸ்பி இருவரும் ஆக்கிய இலங்கைப் பங்கசுகளின் பட்டியல் 1950-இல் வெளிவந்தது. பெக்லர் 1986-இல் இந்நாட்டுக் குடைக்காளான்களை விவரித்தார். இவ்வறிவு ஆங்கில நூல்களுள் அடங்கிக் கிடத்தலாகாது. தோட்டத்து முதியோர் புற்றுக்காளானைப் பற்றி அறிந்தவற்றை மாணவர் கேட்டெழுதி, அதனோடு வித்திச்சோதனையையும் சேர்த்து லயன்கள்தோறும் பரப்புவாராயின், அத்தொண்டு பல உயிர்களைக் காக்கும்.