படியெடாது அனுப்புதலும் நினைவகப் பாதுகாப்பும்

ஒரு பொருளை ஒருவருக்குக் கொடுத்துவிடுதல் வேறு. இரவலாக வழங்குதல் வேறு. கொடுத்துவிட்ட பொருளைப் பற்றிக் கொடுத்தவர் பின்னர்ச் சிந்திக்க வேண்டியதில்லை. இரவல் வழங்கியவரோ, அது மீண்டு வரும்வரை அதனைத் திருத்தவும் இயலாது. பிறிதொரு காரியத்துக்குப் பயன்படுத்தவும் இயலாது. இவ்வெளிய வேறுபாடே இக்காலக் கணினிகளினுள்ளே எழுந்த அரியதொரு பிரச்சினைக்கு அடிப்படையாகும்.

மெய்நிகர் இயந்திரம் என்பது மென்பொருளால் ஆக்கப்பட்ட கணினியாம். உண்மைக் கணினி ஒன்றினுள் இத்தகையன பல ஒருங்கே இயங்கலாம். தாங்கிநிற்கும் கணினியை விருந்தோம்பி என்றும், அதனுள் இயங்குவதை விருந்தாளி என்றும் கூறுதல் பொருந்தும். விருந்தாளியிடம் பெரும்பாலும் உண்மையான வலையமைப்பு அட்டை இருப்பதில்லை. ஆகவே, அது வெளியுலகுக்கு விடுக்கும் செய்திப் பொதிகள் யாவும் விருந்தோம்பியின் கைவழியே செல்லவேண்டியனவாகும்.

வழக்கமான முறையில், விருந்தாளியின் நினைவகத்திலுள்ள பொதியை விருந்தோம்பி தன் நினைவகத்திற் படியெடுத்து, அப்படியையே அட்டைக்கு அளிக்கும். இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயின் உழைப்பு மிகுதி. செக்கனுக்கு 10 கிகாபிற்று வேகத்தில் இயங்கும் அட்டைக்கு, ஒவ்வொரு செக்கனிலும் ஏறக்குறைய 125 கோடி பைற்றுக்களைப் படியெடுக்க வேண்டும். இவ்வுழைப்பைத் தவிர்க்க எழுந்ததே படியெடாது அனுப்பும் முறை. இதில் அட்டை, விருந்தாளியின் நினைவகப் பக்கங்களை நேரே வாசித்து அனுப்புகின்றது. கொடையாக இருந்தது இரவலாக மாறுகின்றது.

இரவலுக்குக் கணக்கு வேண்டும். ரஸ்டி ரஸல் என்னும் அறிஞர் 2008ஆம் ஆண்டிலே விளக்கிய ‘வேர்ட்டியோ’ அமைப்பில் அதற்கென இரு ஏடுகள் உள. பொதி இருக்கும் இடத்தை விருந்தாளி ஓர் ஏட்டிற் பதியும். பயன் முடிந்ததென விருந்தோம்பி மற்றையதிற் பதியும். அவ்விரண்டாம் பதிவைக் காணும்வரை விருந்தாளி அவ்விடத்தைத் தீண்டலாகாது. படியெடுக்கும் முறையிற் படியெடுத்தவுடனேயே அப்பதிவை இடலாம். படியெடா முறையிலோ, அட்டை வாசித்து முடிக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். பதிவு முந்தினால், விருந்தாளி அப்பக்கத்தில் வேறொன்றை எழுத, அது கடவுச்சொல்லேயாயினும், பொதியோடு வெளியே சென்றுவிடும். பதிவு வாராதொழியின், ஏட்டின் இடங்கள் நிரம்பி விருந்தாளி எதனையும் அனுப்ப மாட்டாது நிற்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் 2010ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்ட ‘விஹோஸ்ட்-நெற்’ என்னும் பகுதி, 2011இல் இம்முறையைக் கைக்கொண்டது. அங்கே அமைந்த காப்புக்கள் நான்கு.

முதலாவது, பக்கத்தைப் பற்றிநிற்றல். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனைப் பயன்படுத்துவோர் எத்துணையர் என்னும் எண்ணிக்கை உண்டு. அனுப்புமுன் இவ்வெண்ணிக்கை கூட்டப்படும். அது பூச்சியமாகும்வரை பக்கம் பிறருக்கு வழங்கப்படாது. விருந்தாளி இடையிலே அழிந்தொழியினும் இவ்விதி மாறாது. இன்றேல், ஒரு விருந்தாளியின் பொதியில் மற்றொரு விருந்தாளியின் இரகசியம் வெளியேறக்கூடும்.

இரண்டாவது, முடிவை அறிவித்தல். பொதியைப் பிடித்திருந்த இறுதிப் பகுதியும் அதனை விடுவிக்கும்போதே அறிவிப்பு எழும். அதன்பின்னரே ஏட்டிற் பதிவு இடப்படும்.

மூன்றாவது, தேவை நேருமிடத்துப் படியெடுத்தல். பொதி அட்டைக்குச் செல்லாது, அதே கணினியிலுள்ள வேறொரு நிரலுக்குச் செல்லுமாயின், அந்நிரல் அதனை எப்போது வாசிக்கும் என்பதற்கு உறுதியில்லை. அயலான் தாமதிக்க, உரியவன் முடங்குதல் முறையாகாது. ஆதலின் அங்கே பொதி படியெடுக்கப்பட்டு, விருந்தாளியின் பக்கம் உடனே விடுவிக்கப்படும். உரியவனோடுள்ள தொடர்பை அறுத்தல் பற்றி, நிரலாளர் இதற்கு ‘அநாதையாக்குதல்’ எனப் பொருள்படும் பெயரை இட்டனர்.

நான்காவது காப்பு விருந்தோம்பிக்கு உரியது. பொதியின் தலைப்பகுதியை ஆராய்ந்தே அது செல்லலாமா என்பது முடிவுசெய்யப்படும். ஆராய்ந்தபின் விருந்தாளி அதனை மாற்றிவிடின் ஆராய்வு வீணாம். எனவே தலைப்பகுதி படியெடுக்கப்பட, உடற்பகுதி மட்டுமே இரவலாக எடுக்கப்படுகின்றது.

இத்துணைக் காப்பிருந்தும் பிழை நேர்ந்ததுண்டு. 2013ஆம் ஆண்டில் இப்பகுதியில் ஒரு குறை வெளிப்பட்டது. இரவல்களை எண்ணிவந்த கணக்கின் நினைவகமே, அதன் பயன் முடியுமுன் விடுவிக்கப்பட்டிருந்தது; அதனால் விருந்தோம்பி முழுவதும் நிலைகுலைய இடமிருந்தது. பக்கங்களைக் காக்கும் கணக்கும் நினைவகத்திலேயே வாழ்கின்றது. அதனையும் காத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

வேறொரு குறை அமைப்பிலேயே இருந்தது. முடிவுப் பதிவுகள் வரிசை பிறழாது இடப்பட்டமையால், முன்னின்ற பொதி ஒன்று தடைப்படின், பின்னே அனுப்பி முடிந்தவையும் காத்துக்கிடந்தன. மேலும், சிறு பொதிகளுக்குக் கணக்கு வைக்கும் உழைப்பு படியெடுக்கும் உழைப்பை விஞ்சும். 256 பைற்றுக்குக் குறைந்த பொதிகள் தொடக்கமுதலே படியெடுக்கப்பட்டமை இதுபற்றியே. பின்னர்ப் பல பொதிகளை ஒருங்கே கையாளும் உத்தி படியெடுக்கும் முறையிற் சேர்ந்து, அதனை மேலும் விரைவாக்கிற்று. இவற்றைச் சீர்தூக்கிய லினக்ஸ் நிரலாளர், 2019ஆம் ஆண்டில், விஹோஸ்ட்-நெற்றின் இயல்பான வழக்கம் படியெடுத்தலே என மீள வகுத்தனர். விரும்புவோர் மற்றையதை இயக்கிக்கொள்ள வழியும் விடப்பட்டது.

இதனாற் படியெடா முறை பயனற்றதென்று கொள்ளலாகாது. பெரும் பொதிகள் தடையின்றி நேரே அட்டைக்குச் செல்லுமிடத்து அதன் நன்மை தெளிவு. ஆயினும் படியெடுத்தலை வெறும் வீண்செலவென எண்ணுதலும் தவறாகும். ஒரு படியை எடுக்கும் கணத்திலேயே உரிமை வரையறைப்படுகின்றது. இருவர் ஒருவரையொருவர் எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை ஒழிகின்றது. அப்படியைத் துறப்போர், அது இலவசமாக அளித்துவந்த காவலைத் தாமே கணக்கெழுதிக் காத்தல் வேண்டும். அக்காவலின் விலையையும் சேர்த்தெண்ணிய பின்னரே எம்முறை சிக்கனமானது எனத் துணிதல் தகும்.