காந்தமும் மின்னும் ஒரே பொருளில்

ஓர் உறையில் இரண்டு வாள் தங்குமா? தங்காது என்பர் நம் முன்னோர். பொருள்களின் உலகிலோ, அரிதாகவேனும் தங்கும் என்று பௌதிகம் காட்டியிருக்கிறது.

காந்தத்தை நாம் யாவரும் அறிவோம். ஒருமுறை காந்தமாக்கிய எஃகு, பக்கத்திலுள்ள காந்தத்தை அகற்றிய பின்னும் தன் திசையை மறவாது. இத்தகைய நினைவு மின்சாரத்திலும் உண்டு. பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கானை மின்புலத்தில் வைத்தெடுத்தால், அதனுள் நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் சற்றே விலகி நிற்கும். புலம் நீங்கினும் அவ்விலகல் எஞ்சும். எதிர்ப்புலம் செலுத்தினால் திசை மாறும். இதற்கு ஃபெர்ரோ மின்மை என்று பெயர். பெயரில் இரும்பின் சாயல் இருப்பினும், அப்பீங்கானில் இரும்பு இல்லை!

காந்த ஒழுங்கும் ஃபெர்ரோ மின்மையும் ஒருங்கே அமைந்த பொருள்களுக்கு, 1994இல் ஹான்ஸ் ஷ்மிட் என்பவர் 'மல்டிஃபெர்ராயிக்' என்று பெயரிட்டார். அவை ஏன் இத்துணை அரிது? 2000இல் நிக்கோலா ஹில் இவ்வினாவை எழுப்பி விடையும் தந்தார். பேரியம் டைட்டனேட்டில் டைட்டேனியம் அணு நடுவிலிருந்து நகர்வதாலேயே மின் விலகல் உண்டாகிறது. அந்நகர்வுக்கு அதன் 'டி' கூட்டில் எலக்ட்ரான் இல்லாதிருப்பது துணை செய்கிறது. காந்தத்திற்கோ அதே கூட்டில் இணை சேராத எலக்ட்ரான்கள் வேண்டும். காலி வீடு கேட்பவரும், குடியுள்ள வீடு கேட்பவரும் ஒரே வீட்டிற்குப் போட்டியிட்டால் எங்ஙனம் முடியும்?

பிஸ்மத் ஃபெரைட் இச்சிக்கலை இரண்டு வீடு கட்டித் தீர்த்துக்கொண்டது. காந்தப் பொறுப்பை இரும்பு அணு ஏற்கிறது. பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணை ஒன்றை உடைய பிஸ்மத், தன் இடத்தினின்று விலகி மின் பொறுப்பை ஏற்கிறது. காந்த ஒழுங்கு ஏறத்தாழ 370 டிகிரி செல்சியஸ் வரையிலும், ஃபெர்ரோ மின்மை 830 டிகிரி வரையிலும் நிலைக்கின்றன. ஆகவே அறை வெப்பத்தில் இரண்டும் உண்டு. 2003இல் இரமேஷ் குழுவினர் இதன் மெல்லிய படலத்தில் மிக வலிய மின்முனைவைக் கண்டனர். அதன்பின் உலகெங்கும் ஆராய்ச்சி பெருகிற்று.

இதனால் ஆகும் பயன் யாது? காந்த நினைவகத்தில் ஒரு செய்தியை எழுத மின்னோட்டம் வேண்டும். ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. மின்னழுத்தம் ஒன்றாலேயே காந்தத்தைத் திருப்ப முடிந்தால் அவ்வீண்செலவு பெரிதும் குறையும். 2014இல் பிஸ்மத் ஃபெரைட் படலத்தின் மேல் கோபால்ட்-இரும்புப் படலம் அமைத்து, மின்னழுத்தத்தால் அதன் காந்தத் திசையை அறை வெப்பத்திலேயே தலைகீழாக்கிக் காட்டினர். கணினிகள் உண்ணும் மின்சாரம் ஆண்டுதோறும் பெருகிவரும் இந்நாளில் இது சிறு செய்தியன்று.

எனினும் இடர்கள் உள. அடுத்தடுத்த இரும்பு அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக நிற்பதால், வெளியே தெரியும் காந்தம் மிகச் சொற்பம். பொடிகளைக் கலந்து அரைத்து உலையில் சுடுகையில் பிஸ்மத் ஆவியாகி ஓடுகிறது. அதனை ஈடுசெய்யச் சற்று மிகுதியாகச் சேர்த்தால் வேண்டாத சேர்மங்கள் தலைகாட்டுகின்றன. குறைபாடுள்ள பீங்கானிலோ மின்சாரம் கசிகிறது.

உலையை ஆள இரசாயனம் வேண்டும். எலக்ட்ரானின் போக்கை அறியப் பௌதிகம் வேண்டும். கருவியாக்கப் பொறியியல் வேண்டும். நம் சங்கத்தில் மூன்று துறையினரும் இருக்கின்றனர். மாலைத் தேநீர் வேளையில் இதுபற்றியும் சிறிது பேசலாமன்றோ?